மழைமானிக்குக் கூரை

கடல் செஞ்சியிலிருந்து நாற்பது மைல் தள்ளி இருக்கிறது. புயல் முன்னேற்பாட்டுத் தனி அலுவலகத்தைச் செஞ்சியில் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

தனுஷ்கோடியைக் கடல் விழுங்கிய பிறகு வந்த மாசியில் அந்த அலுவலகம் பிறந்தது. மரக்காணத்தில் வைக்கலாம், கடலூரில் வைக்கலாம் என்று விவரமறியாத சிலர் சொல்லிப் பார்த்தார்கள். தனி அதிகாரியாக வந்திறங்கிய துரைக்கண்ணு, திறப்பு விழா மேடையிலேயே அவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

"புயல் அடிக்கும் ஊரில் புயல் அலுவலகம் இருந்தால் என்ன ஆகும்? நாற்காலி பறக்கும். கோப்பு நனையும். ஊழியர்கள் தத்தம் வீட்டைக் காப்பாற்ற ஓடிவிடுவார்கள். ஆகவே, பெரியோர்களே, புயலை நேருக்கு நேர் சந்திக்க விரும்புகிறவன் முதலில் அது வராத இடமாகப் பார்த்து நின்றுகொள்ள வேண்டும்."

கைதட்டினார்கள். முக்கால்வாசிப் பேர் பொட்டலத்துக்காக உட்கார்ந்திருந்தவர்கள். கடைசியில் நின்று கைதட்டிய ஜான் பாஷாவுக்குப் பேச்சும் புரியவில்லை, பொட்டலமும் கிடைக்கவில்லை. அவர் அந்த அலுவலகத்தின் சேவகர்.

சேவகர் என்பதுகூட முழுக்கச் சரியில்லை. செஞ்சியில் வெள்ளைக்காரன் காலத்து மழைமானி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஜான் பாஷா இருந்தார். புது அலுவலகம் வந்தபோது இரண்டையும் சேர்த்து அதன் தலையில் கட்டினார்கள். ஒப்படைப்புப் பட்டியலில் "மழைமானி 1, புனல் 1, அளவுக் கண்ணாடி 1, ஜான் பாஷா 1, ஆக உருப்படி 4" என்று எழுதியிருந்தது. தலைமை எழுத்தர் கலியபெருமாள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கண்ணாடிக்கு நேரே மட்டும் "விளிம்பில் கீறல்" என்று குறித்துவிட்டு, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

மழைமானி என்பது வேறொன்றுமில்லை, வாயில் புனல் வைத்த செம்புப் பாத்திரம். அலுவலக வளாகத்தில் வெட்டவெளியாகப் பார்த்துப் பாதி புதைத்திருந்தார்கள். தினமும் காலை எட்டரைக்கு ஜான் பாஷா அதைத் திறப்பார். உள்ளே நிற்கும் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றுவார். எத்தனை மில்லிமீட்டர் என்று கண்ணை ஒட்டவைத்துப் பார்ப்பார். பதிவேட்டில் "மானியிலிருந்த நீர்" என்ற கட்டத்தில் எழுதுவார். அந்த எண் தந்தியில் சென்னைக்குப் போகும். பத்தொன்பது வருஷம் இதைச் செய்திருந்தார். அங்குலத்தில் பெய்துகொண்டிருந்த மழை மில்லிமீட்டருக்கு மாறியபோதும் ஒருநாள் தவறவில்லை. அவர் எழுதிய எண்ணை இதுவரை யாரும் திருத்தியதில்லை. யாரும் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

புது அலுவலகம் சும்மா இருக்கவில்லை. துறைமுகங்களில் கப்பல்களுக்குப் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, செஞ்சி மட்டும் என்ன பாவம் செய்தது என்று ராஜகிரி உச்சியில் ஒரு கம்பம் நட்டார்கள். மூங்கில் கூடைக்குக் கறுப்புத் துணி சுற்றி, ஜான் பாஷா அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மலையேறிக் கட்டிவிட்டு வருவார். அந்த ஆண்டு செஞ்சியிலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்றுகூடப் புயலில் சிக்கவில்லை என்று ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதியிருந்தது.

புதன்கிழமைதோறும் பதினோரு மணிக்குப் புயல் ஒத்திகை. புயலாக நடிப்பது ஜான் பாஷாவின் பொறுப்பு. அவர் கிழக்கு வாசல் வழியாக நுழைய வேண்டும். பெரிய மேசையை இடஞ்சுழியாக மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தப் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகத்தான் சுற்றும் என்று துரைக்கண்ணு படித்திருந்தார். போகிற போக்கில் காலி மைக்கூடு இரண்டைத் தள்ளிவிட்டு மேற்கு வாசல் வழியாக வெளியேற வேண்டும். அதற்குள் ஊழியர்கள் பதினோரு பேரும் கோப்புகளோடு மேசைகளுக்கு அடியில் போய்விட வேண்டும். பன்னிரண்டு அடித்ததும் புயல் ஓய்ந்ததாகக் கணக்கு.

ஒருமுறை ஜான் பாஷா இரண்டு சுற்றோடு வெளியே போய்விட்டார்.

"இன்னா பாஷா, புயல் பாதியில போவுது?" என்றார் துரைக்கண்ணு.

"முட்டி புடிச்சிக்கிச்சிங்க. நேத்து கூடையோட மலை ஏறினது."

"புயலுக்கு முட்டி வலிக்குமா? கலியபெருமாள், எழுதுங்க. இந்த வாரப் புயல் மெத்தனம். எச்சரிக்கை."

அறுபத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் நிஜமாகவே ஒரு புயல் வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் தந்தி வந்தது. மறுநாள் புயல் கரையேறும், உள்நாட்டிலும் பலத்த காற்றும் மழையும் இருக்கும் என்றது தந்தி. ஜான் பாஷாவுக்குத் தன் வீடு கண்ணில் நின்றது. மண் சுவர், கீற்றுக் கூரை. ராணிப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் ஜாஹிதா தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் வந்து சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. கூரைமேல் கயிறு போட்டு நாலு பக்கமும் முளை அடித்து இழுத்துக் கட்டினால் தாக்குப்பிடிக்கும். அரை நாள் வேலை.

"ஐயா, நாளைக்கு அரை நாள் லீவு குடுத்தீங்கன்னா வூட்டுக் கூரைக்குக் கவுறு கட்டிடுவேன். புயல் வருதுன்னு சொல்றாங்க."

துரைக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு இன்னா கிழமை?"

"புதனுங்க."

"ஒத்திகை நாள். நீ லீவு போட்டா புயல் எப்படிய்யா வரும்?"



அடுத்து, புயல் விதிகளின் முதல் விதியைத் துரைக்கண்ணு உரக்கப் படித்தார். அசையும் அரசுச் சொத்து அனைத்தையும் புயலுக்கு முன் பத்திர அறையில் வைத்துப் பூட்டி, சாவி தனி அதிகாரியிடம் இருக்க வேண்டும். நாற்காலிகள், கடிகாரம், மலைமேலிருந்த கூடை, காலி மைக்கூடுகள் எல்லாம் உள்ளே போயின. கடைசியாகப் பட்டியலைப் பார்த்த கலியபெருமாள் மழைமானிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதுவுங்களா?" என்றார் ஜான் பாஷா. "அது மழையில நிக்கறதுக்குன்னே செஞ்சதுங்க."

"ஏம்பா, அது எந்த வருஷத்துது?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"வெள்ளக்காரன் வச்சதுங்க."

"பார்த்தியா. எத்தினி வருஷமா காப்பாத்தின சாமான். இந்தப் புயல்ல நனைஞ்சி கெட்டா மேல யாரு பதில் சொல்றது? சாதாரண மழையில நனையட்டும், வேணாங்கல. பெரிய மழை வரும்போது அதை வெளிய விடலாமா?"

மழைமானி பத்திர அறைக்குப் போயிற்று. இரும்புக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லா முன்னேற்பாடும் முடிந்தது என்பதை மேலதிகாரிகளிடம் நேரில் தெரிவிக்கத் துரைக்கண்ணு சாயங்கால பஸ்ஸில் வேலூர் போனார். வேலூர் கடலிலிருந்து இன்னும் தூரம்.

புதன்கிழமை விடியும்போதே காற்று ஒரு தினுசாக ஊதியது. ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பத்தரைக்கு அலுவலக வாசலில் நின்ற வேப்பமரம் விழுந்தது. நாற்காலிகள் பத்திர அறையில் இருந்ததால் ஊழியர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கலியபெருமாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொண்ணு ஆச்சி. பாஷா, கெளம்பு."

"அண்ணே, வெளியவே புயல் அடிக்குதே."

"அது அதோட வேலைய பார்க்குது. நீ உன் வேலைய பாரு. ஐயா வந்து கேட்டா நான் இன்னா சொல்றது, நிஜப் புயல் வந்ததால ஒத்திகை நடக்கலன்னு எழுதுறதா? படிக்கிறவன் சிரிக்க மாட்டான்?"

ஜான் பாஷா சொட்டச் சொட்ட நனைந்தபடி கிழக்கு வாசல் வழியாக நுழைந்தார். இடஞ்சுழியாகச் சுற்றினார். ஊழியர்கள் மேசைக்கடியில் புகுந்தார்கள். தள்ளிவிட மைக்கூடு இல்லாததால் கையால் தள்ளுவதுபோல் காட்டினார். அவர் மூன்றாவது சுற்றில் இருந்தபோது, கால் மைல் தள்ளி, அவர் வீட்டுக் கூரை எழும்பிப் போயிற்று. கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனதும் புயல் ஓய்ந்துவிட்டதாக அறிவித்து, ஊழியர்கள் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து, கொட்டுகிற மழையில் வீட்டுக்குப் போனார்கள்.

ஜான் பாஷா ஓடிப்போய்ப் பார்த்தபோது சுவர் மூன்று கரைந்து உட்கார்ந்திருந்தன. மனைவி ரோஷன் பீ மகளை நான்காவது சுவரோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, தலைமேல் தகரப் பெட்டியின் மூடியைப் பிடித்திருந்தாள்.

"எங்கங்க போனீங்க?"

"புயலா இருந்தேன்" என்றார் ஜான் பாஷா.

ரோஷன் பீ மூடியை அவர் கையில் கொடுத்துவிட்டு மகளை எழுப்பி நிறுத்தினாள். 

மூவரும் அலுவலக வராந்தாவுக்கு வந்து ஒதுங்கினார்கள். எதிர்ச்சாரியில் ஆப்பக்கடை போட்டிருந்த குஞ்சம்மாளும் கடை பறந்துபோய்த் தன் ஆட்டோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். எட்டரை மணிப் பழக்கம் ஜான் பாஷாவை விடவில்லை. குஞ்சம்மாளின் மாவுக் குண்டானை வாங்கி, மழைமானி இருந்த குழிக்குப் பக்கத்தில் கல்லை அண்டை கொடுத்து வைத்தார். மறுநாள் காலைக்குள் அது மூன்று தடவை நிரம்பியது. மூன்று தடவையும் எழுந்துபோய்க் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். குறித்துக்கொள்ளப் பதிவேடும் உள்ளே பூட்டிக் கிடந்ததால் வராந்தாச் சுவரில் கரியால் மூன்று கோடு போட்டார்.

வெள்ளிக்கிழமை வெயிலோடு துரைக்கண்ணு வந்தார். இரும்புக் கதவு திறந்தது. உள்ளே பொருள்கள் அனைத்தும் பத்திரமாக இருந்தன, நனைந்திருந்தன. மழைமானியைத் திறந்து பார்த்த ஜான் பாஷா அதில் நின்ற தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினார். கண்ணை ஒட்டவைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார்.

"பதினொண்ணுங்க."

"இன்னா பதினொண்ணு?"

"மில்லிமீட்டருங்க. மேல தளம் ஒழுவுது."

அந்த நேரம் தளத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, துரைக்கண்ணுவின் வழுக்கையில். அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"ஒழுவாது. சர்டிபிகேட் இருக்குது."

கட்டட ஓவர்சியர் பச்சைமுத்துவுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து தளத்தைப் பார்க்காமல் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தார்.

"ஆவணியில நானே கையெழுத்துப் போட்டதுங்க. இது ஒழுவாத தளம்."

"இப்பகூட சொட்டுதே சார்" என்றார் ஜான் பாஷா.

"சொட்டுற மாதிரி இருக்கும். அது தளத்துக்கு வேர்க்கிறது. புழுக்கம் ஜாஸ்தியா இருந்தா மனுஷனுக்கு வேர்க்கல?"

"அப்ப மானியில இருக்கிறதும் வேர்வையா?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

பச்சைமுத்து யோசித்தார். வேர்வை பதினோரு மில்லிமீட்டர் வந்ததாக எழுதினால் தளத்துக்கு ஏதோ வியாதி என்று ஆகும். "அது வேர்வை இல்லீங்க. யாரோ ஊத்தியிருக்காங்க."

எல்லோரும் ஜான் பாஷாவைப் பார்த்தார்கள்.

மறுநாள் குறிப்பாணை வந்தது. அரசு மழைமானியில் பதினோரு மில்லிமீட்டர் தண்ணீரை அனுமதியின்றி ஊற்றியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ஜான் பாஷா அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, ரூமு பூட்டி இருந்தது. சாவி உங்ககிட்டதான இருந்தது?"

"அதுலதான் உன் கெட்டிக்காரத்தனம் தெரியுது" என்றார் துரைக்கண்ணு.

விசாரணை நடந்தது. குஞ்சம்மாள் தானாகவே சாட்சி சொல்ல வந்து, குண்டானை மேசைமேல் வைத்தாள்.

"இது மூணு வாட்டி ரொம்பி வழிஞ்சிச்சி. இன்னா மழைன்னு ஊருக்கே தெரியும். ஆபீசருக்குத் தெரியணும்னா வேலூர்லேருந்து எட்டிப் பார்த்திருக்கணும்."

"இந்தப் பாத்திரத்துல அரசு முத்திரை இருக்குதா?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"இதுல ஆப்ப மாவு இருந்துச்சி."

"அப்ப ரொம்பினது மழையா மாவான்னு எப்படிச் சொல்றது? போம்மா."

விசாரணை முடிவைக் கலியபெருமாள் நல்ல கையெழுத்தில் படியெடுத்தார். மேற்படி தேதியில் செஞ்சியில் பெய்த மழை இல்லை. மழைமானியில் காணப்பட்ட நீர் ஊழியரால் உண்டானது. ஊழியருக்குக் கடுங்கண்டனம். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஜான் பாஷா எழுதிய எண்ணை ஒருவர் அடித்துத் திருத்தினார்.

புயலால் பாதித்த ஊர்களின் பட்டியல் சென்னையில் தயாரானது. மழை பெய்த ஊர்களுக்கு வீடு கட்ட மூங்கிலும் கீற்றும் கொடுக்க உத்தரவாயிற்று. செஞ்சி பட்டியலில் இல்லை. மழையே பெய்யாத ஊரில் சுவர் கரைந்ததாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் திருவண்ணாமலைப் பக்கமிருந்து திண்டிவனத்துக்கு மூங்கில் ஏற்றிப்போன லாரிகள் செஞ்சி வழியாகத்தான் போயின. டிரைவர்கள் குஞ்சம்மாள் திறந்தவெளியில் மறுபடி போட்டிருந்த கடை முன்னால் நிறுத்தி ஆப்பம் தின்றார்கள். தெருவுக்கே கூரை இல்லாத ஜனங்கள் லாரியைச் சுற்றி நின்று மூங்கிலைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"நல்ல முத்தின மூங்கில்" என்றார் ஜான் பாஷா.

"பார்த்துக்க பாய். மழை பேஞ்ச ஊருக்குப் போவுது" என்றாள் குஞ்சம்மாள்.

வராந்தாவில் ஆளுக்கு ஒரு மூலை பிடித்துத் தங்கியிருந்தவர்களைப் பொங்கலுக்கு முன்பே கிளப்பினார்கள். பொதுமக்கள் ஒத்திகை நேரம் தவிர மற்ற நேரத்தில் அலுவலகத்தில் தங்கக் கூடாது என்று விதி இருந்தது. ஜாஹிதாவுக்கு ஒன்பதாம் மாதம். நின்ற ஒற்றைச் சுவரில் ரோஷன் பீ இரண்டு புடவையைச் சாய்ப்பாகக் கட்டினாள். பனி அதன் வழியாகவே இறங்கியது. "அத்தா, ராணிப்பேட்டைக்கே அனுப்பிடுங்க" என்றாள் ஜாஹிதா. அங்கே அவள் புருஷன் தோல் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறவன். அனுப்ப அங்கே வீடு இல்லை.

இப்படியிருக்கும்போது ஒரு கூரைக்கு உத்தரவு வந்தது.

விசாரணை அறிக்கையின் கடைசிப் பத்தியில், மழைமானியைப் புயலிடமிருந்தும் ஊழியரிடமிருந்தும் காப்பாற்ற நிரந்தர ஏற்பாடு தேவை என்று துரைக்கண்ணு எழுதியிருந்தார். சென்னையில் அந்தப் பத்தியை மட்டும் யாரோ படித்துவிட்டார்கள். பச்சைமுத்து நாலு செங்கல் தூண் எழுப்பி, தேக்கு விட்டம் போட்டு, மங்களூர் ஓடு வேய்ந்து, பதினைந்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு கொட்டகை கட்டினார். மழைமானி அதன் நட்டநடுவில் சிமெண்டு மேடைமேல் உட்கார்ந்தது. அதற்கு நேர்மேலே விட்டத்தில் விளக்கு மாட்ட ஒரு இரும்புக் கொக்கியும் அடித்தார்கள். கரண்டு வரவில்லை, கொக்கி இருந்தது.

திறப்பு விழாவில் துரைக்கண்ணு பேசினார்.

"இன்றுமுதல் எப்பேர்ப்பட்ட மழையும் இந்த மழைமானியைத் தொட முடியாது. ஏழை எளியவர்கள் வீடிழந்து நிற்கிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் வீடு அவர்களுடையது. இது உங்கள் அனைவருடையது. உங்களுடையதை நாங்கள் காப்பாற்றிவிட்டோம்."

ஓடு வேய்ந்த கொட்டகைக்கு இரவும் பகலும் காவல் வேண்டும் என்று ஒரு விதியைக் கலியபெருமாள் கண்டுபிடித்தார். காவலுக்கு ஆள் போட அனுமதி இல்லை. ஆகவே ஜான் பாஷாவே அங்கே குடியிருந்து காவல் காக்க வேண்டும் என்று கண்டனத்தோடு சேர்த்து ஓர் உத்தரவு போட்டார்கள். ஜான் பாஷா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு வீட்டுக்குப் போய்த் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

தை கடைசியில் ஆஸ்பத்திரியில் ஜாஹிதாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சர்தார் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையும் தாயும் கொட்டகைக்கு வந்தார்கள். சுற்றிலும் புடவை மறைப்பு. தூளி கட்ட இடம் தேடினால் கொக்கி ஒன்றுதான் இருந்தது. கீழே மழைமானி.

"அது மேலயா?" என்று தயங்கினார் ஜான் பாஷா. "கவர்மெண்டு சாமான்."

"புள்ளைக்குக் கீழதான இருக்குது, தலைமேலயா இருக்குது?" என்று சொல்லி ரோஷன் பீ தூளியைக் கட்டிவிட்டாள்.

அந்த மாசியில்தான் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்து துரைக்கண்ணுவின் தூக்கத்தைக் கெடுத்தது. உங்கள் பதிவேட்டின்படியே புயல் அன்றுகூட ஒரு துளி மழை பெய்யாத ஊருக்குப் புயல் அலுவலகம் எதற்கு, ஏன் மூடிவிடக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். அலுவலகமே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. பதினோரு ஊழியர்களும் மேசைக்கடியில் இருக்கும்போதுகூட வானத்தையே எட்டிப் பார்த்தார்கள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

மறுநாள் எட்டரைக்கு ஜான் பாஷா மழைமானியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் இருந்தது. மேலே பார்த்தார். தூளி ஈரமாக இருந்தது. உள்ளே சர்தார் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கீழே கொட்டிவிடலாம். ஆனால் இத்தனை வருஷமாக மானியில் இருந்ததை அளக்காமல் அவர் கொட்டியதில்லை. கண்ணாடியில் ஊற்றினார். இரண்டு. "மானியிலிருந்த நீர்" என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதினார். அது பொய் இல்லை. பிறகு உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனார்.

"ரெண்டா?" துரைக்கண்ணு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஆமாங்க. ஆனா அது மழை இல்லீங்க. நம்ம பேரன்..."

"நீ பேசாத. மழையா இல்லையான்னு சொல்றது உன் வேலையா? போன தடவ மழைன்னு சொன்ன, விசாரிச்சா மழை இல்லன்னு ஆச்சு. இப்ப மழை இல்லன்னு சொல்ற. அப்ப இது இன்னா, கலியபெருமாள்?"

"மழைதாங்க" என்றார் கலியபெருமாள்.

கூரைக்குக் கீழே மழை எப்படி வந்தது என்ற சந்தேகத்தைப் பச்சைமுத்து தீர்த்துவைத்தார். "சாரலுங்க. மேல ஒழுவாம, பக்கவாட்டுல சாரல் வர்ற மாதிரி பார்த்துதான் கட்டினது." தந்தி பறந்தது. அன்றைக்கு ஜில்லாவில் வேறெங்கும் மழை இல்லை. செஞ்சி இரண்டு.

அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த நாள் இரண்டு. சர்தாருக்குச் சளி பிடித்துப் பால் சரியாகக் குடிக்காத அன்று ஒன்றுதான் பதிவானது, துரைக்கண்ணு நாளெல்லாம் எரிந்து விழுந்தார். பங்குனி முடிவதற்குள் எண்பது மில்லிமீட்டர் தாண்டிவிட்டது. கோடையில் விடாமல் மழை பெய்கிற ஒரே ஊர் என்று செஞ்சிக்குச் சென்னையில் பெயர் பரவியது. அலுவலகத்தை மூடும் யோசனை கைவிடப்பட்டது. மாறாக, நாற்பது நாள் தொடர் மழையில் அங்கே மக்கள் என்ன பாடு படுகிறார்களோ என்று கவலை தெரிவித்து, நேரில் பார்க்க ஒரு நிபுணரை அனுப்பினார்கள்.

நிபுணர் சித்திரை வெயிலில், மழைக்கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். அறிக்கையில் மழை என்று இருந்ததால் குடையையும் விரித்தார். கரைந்து கிடந்த வீடுகளை வரிசையாகப் பார்த்து, "ஐயோ, ஐயோ" என்றார். தொடர் மழை என்றால் இப்படித்தான் ஆகும் என்று குறித்துக்கொண்டார். கொட்டகைக்கு வந்தபோது மணி எட்டரை. ஜாஹிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புடவைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். ஜான் பாஷா மழைமானியைத் திறந்து ஊற்றினார்.

நிபுணர் கண்ணாடியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். ஜான் பாஷா கண்ணை மூடிக்கொண்டார்.

"லேசா உப்பு கரிக்குது" என்றார் நிபுணர்.

மறுபடியும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது சாதாரண மழையே இல்லை. கடல் காத்து நேரா இங்க வந்து எறங்குது. நாப்பது மைல் தாண்டி. இந்த ஆபீச இங்க வச்சவரு தீர்க்கதரிசி."

துரைக்கண்ணு அடக்கமாகத் தலை குனிந்தார். பிறகு, பெரியவர் சொன்னதைத் தாமும் உறுதிப்படுத்த வேண்டும் என்று தன் விரலையும் நனைத்தார். "உப்புதாங்க" என்றார். கலியபெருமாளும் பார்த்துவிட்டு ஆமோதித்தார்.

பத்தே நாளில் லாரிகள் வந்தன. இந்த முறை அவை செஞ்சியிலேயே நின்றன. தெரு முழுக்க மூங்கிலும் கீற்றும் இறங்கின. வழங்கும் விழாவில் துரைக்கண்ணு மாலையோடு பேசினார்.

"சிலர் கேட்கலாம், எங்கள் கண்ணுக்கு மழை தெரியவில்லையே என்று. மக்கள் கண்ணுக்குத் தெரிகிற மழையை மக்களே பார்த்துக்கொள்வார்கள். தெரியாத மழையைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் அரசாங்கம் இருக்கிறது."

குஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜான் பாஷா வீட்டைக் கட்டினார். கூரைமேல் குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு, நாலு பக்கமும் முளை அடித்து, யாரிடமும் லீவு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இழுத்து இழுத்துக் கட்டினார். ஓட்டுக் கொட்டகையைக் காவல் காக்கத் தான் மட்டும் இருந்துகொண்டு, ரோஷன் பீ, ஜாஹிதா, சர்தார் மூவரையும் புதுக் கூரைக்கு அனுப்பினார். தூளியும் அவர்களோடு போயிற்று.

மறுநாள் மழை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் குறிப்பாணை வந்தது. "மேற்படி ஊழியர் பொறுப்பிலுள்ள மழைமானியில் மூன்று தினங்களாக மழை பெய்யாதது கவனத்துக்கு வந்துள்ளது. அலட்சியத்துக்கான விளக்கத்தை இருபத்துநான்கு மணி நேரத்தில் அளிக்கவும். தவறினால் அலுவலகத்தின் எதிர்காலம் கருதிக் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

ஜான் பாஷா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மகளிடம் ஏதோ சொன்னார். ஜாஹிதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றுமுதல் தினமும் எட்டு மணிக்கு, பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜான் பாஷா திண்டிவனம் ரோடு வழியாக ஆபீசுக்கு வருகிறார். ஆப்பக்கடையிலிருந்து குஞ்சம்மாள் குரல் கொடுப்பாள்.

"இன்னா பாய், மழை இன்னிக்கு லேட்டு?"

"வயிறு முட்டப் பால் குடிச்சிட்டு வருது" என்பார் ஜான் பாஷா. "இன்னிக்கு மூணுக்குக் கொறையாது."